தராசுத் தட்டில் ஏறிய குடும்பம்

ஆலயத்தை வலம்வரும் அடியார்களின் கண்களில் தெய்வத் திருவுருவங்களோடு வேறொன்றும் படுவதுண்டு. சுவரிலே பதிக்கப்பட்ட பளிங்குக் கற்களில் சில பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கும். மணிக்கூட்டுக் கோபுரம் இன்னாரின் உபயம், தரைக்குக் கல் பதித்தது இன்னாரின் உபயம், மின்விளக்கு இன்னாரின் ஞாபகார்த்தம் என்று அவை கூறும். கொடுத்தவரின் பெயரைப் போற்றுவது நல்ல மரபு. அதில் குறை காண்பதற்கு ஒன்றுமில்லை.

ஆயினும் எந்தக் கல்லிலும் பெயர் இல்லாத ஒருவர் ஒவ்வோர் ஊரிலும் வாழ்ந்து மறைந்திருப்பார். விடியுமுன் கடையைத் திறந்து, ஊர் உறங்கிய பின் பூட்டி, மனைவி மக்களைக் காப்பாற்றி, பெற்றோரைக் கடைசிவரை பராமரித்து, ஒருநாள் கண்ணை மூடியவர் அவர். திருவிழாவுக்குத் தன்னால் இயன்ற காசையும் ஒரு போத்தல் எண்ணெயையும் கொடுத்ததைத் தவிர, பெரிய கைங்கரியம் எதையும் அவர் செய்ததில்லை. அவருடைய மரண அறிவித்தலில் "கடின உழைப்பாளி, நல்ல குடும்பத் தலைவர்" என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரிக்குள் அடங்கிய வாழ்வை அறவாழ்வு என்று சொல்லலாமா என்பதே இங்கு ஆராயப்படும் வினா.

இவ்வினாவை எழுப்புவோர் இரண்டு தடைகளை முன்வைப்பர். தன் பெண்டு பிள்ளைகளுக்காக உழைப்பதில் என்ன பெருமை, பறவையும் தன் குஞ்சுக்கு இரை தேடுகிறதே என்பது முதலாவது. கடைக்காரரின் வருமானம் முழுவதும் இன்னொருவரின் மடியிலிருந்து வந்த இலாபம், அதிலும் தோட்டத்து ஏழையின் மடியிலிருந்து வந்தது, அதை அறம் என்று எப்படிச் சொல்வது என்பது இரண்டாவது. இவ்விரண்டு தடைகளும் இலகுவில் தள்ளிவிடக் கூடியவை அல்ல.

சந்தியில் ஒரு கடை

பெரகல ஒரு சந்தி. கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக வரும் பெருந்தெரு இங்கே பிரிகிறது. ஒரு கிளை கீழே இறங்கிக் கொஸ்லந்தை, தியலும நீர்வீழ்ச்சி, வெல்லவாய என்று செல்லும். மற்றையது மேலேறி ஹப்புத்தளை, பண்டாரவளை, ஹாலிஎல வழியாகப் பதுளைப் பக்கம் போகும். கதிர்காமக் கந்தனைத் தரிசிக்கச் செல்லும் அடியார்கள் பலரும் இவ்வழியாகவே இறங்குவர். சந்தி இருக்கும் இடத்தில் கடை இருக்கும். கடை இருக்கும் இடத்தில் அதற்குள்ளேயே தேய்ந்துபோன ஒரு வாழ்வும் இருக்கும்.

இப்பகுதியின் தோட்டப்புறக் கடைக்காரர்களின் வாழ்க்கை பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தது போன்றது. பனி விலகுமுன் பலகைக் கதவுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்து, வாசலுக்குத் தண்ணீர் தெளித்து, சாமிப் படத்துக்குச் சாம்பிராணி காட்டிய பிறகே முதல் வியாபாரம் நடக்கும். பெரட்டுக்குப் போகிறவர்களுக்கு வெற்றிலை பாக்கு, பிள்ளைகளுக்குப் பாண், அந்திக்குக் கோதுமை மா, பருப்பு, கருவாடு, மண்ணெண்ணெய் என்று நாள் நகரும். சரக்கெடுக்கப் பண்டாரவளைக்கோ பதுளைக்கோ போகும் நாளில் மனைவி கடையில் இருப்பார். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளை புத்தகப் பையை மூலையில் வைத்துவிட்டுச் சீனிப் பொட்டலம் கட்டும். அவருக்கு ஓய்வு நாளும் இல்லை, சேமலாப நிதியும் இல்லை. உடம்புக்கு முடியாமல் படுத்தால் அன்றைக்குக் கடை இல்லை.

இவ்வாழ்வின் நடுவே ஒரு தராசு தொங்கியது. றாத்தல் கணக்கு இருந்த காலத்திலும், பின்னர் கிலோ வந்த காலத்திலும், அந்தத் தராசின் முள்ளைப் பார்த்தபடியே அவருடைய நாட்கள் கழிந்தன. எனவே அவருடைய வாழ்வை எடைபோடுவதற்கும் தராசுக் கதை ஒன்றே பொருத்தமாகும்.

அமர்நீதியாரின் தராசு

அறுபத்து மூன்று நாயன்மார்களில் அரசரும் உளர், அந்தணரும் உளர், வேடரும் உளர், வணிகரும் உளர். வணிகருள் ஒருவர் பழையாறை நகரத்து அமர்நீதி நாயனார். பொன், மணி, ஆடை முதலியவற்றை வாணிகம் செய்தவர். திருநல்லூரில் மடம் கட்டிக் குடும்பத்தோடு அங்கே தங்கி, அடியார்களுக்கு அமுதளித்து, ஆடையும் கோவணமும் வழங்கி வந்தார். அவர் வரலாற்றைச் சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் விரித்துரைக்கிறார்.

இறைவன் ஒரு பிரமசாரி வடிவில் அம்மடத்துக்கு எழுந்தருளினான். தண்டிலே கட்டியிருந்த கோவணங்களில் ஒன்றை நாயனாரிடம் கொடுத்து, நீராடி வரும்வரை பாதுகாத்துத் தரும்படி சொல்லிச் சென்றான். திரும்பி வந்து கேட்டபோது வைத்த இடத்தில் அது இல்லை. நாயனார் பதறினார். புதிய கோவணம் தருவதாகச் சொன்னார். வந்தவர் ஏற்கவில்லை. தண்டில் எஞ்சியிருந்த கோவணத்துக்கு ஒத்த எடையுள்ள கோவணம் தந்தால் போதும் என்றார்.

தராசு கொண்டுவரப்பட்டது. ஒரு தட்டில் அந்தச் சிறு துணி. மறு தட்டில் நாயனார் தம்மிடமிருந்த கோவணங்களையெல்லாம் இட்டார். தட்டு அசையவில்லை. பட்டாடைகளை இட்டார், பொன்னையும் மணியையும் குவித்தார். அப்போதும் அசையவில்லை. இடுவதற்கு வேறொன்றும் இல்லாத நிலையில், தாமும் மனைவியும் மைந்தனும் ஏறுவதற்கு அனுமதி கேட்டார். மூவரும் தராசை வலம்வந்து, திருவைந்தெழுத்தை ஓதித் தட்டில் ஏறினர். முள் நேராக நின்றது.

வழக்கமாக இக்கதை இறைவனின் திருவிளையாடலாகவும் அடியாரின் பக்தியாகவும் சொல்லப்படுகிறது. கடை நடத்தும் ஒருவர் இதைக் கேட்கும்போது வேறு மூன்று செய்திகளும் தெரியும். முதலாவது, சோதனை வந்தது நன்கொடையில் அல்ல. நாயனார் எத்தனையோ பேருக்கு எத்தனையோ கொடுத்தவர். ஆனால் அவர் சோதிக்கப்பட்டது, பிறர் நம்பி ஒப்படைத்த ஒரு சிறு பொருளில். இரண்டாவது, உடைமை எல்லாம் ஏறியும் அசையாத தட்டு உடையவர் ஏறியபோது அசைந்தது. மூன்றாவது, அவர் தனியே ஏறவில்லை. மனைவியும் மகனும் கூடவே ஏறினர். குடும்பத்தை விட்டு வந்தால்தான் தட்டு சமமாகும் என்று இறைவன் சொல்லவில்லை.

முதல் தடைக்கு இதில் விடை இருக்கிறது. பறவை குஞ்சுக்கு இரை தேடுவது இயல்பு. அதற்குக் கணக்கும் இல்லை, வாக்கும் இல்லை. மனிதனோ தன் பிள்ளையின் பசியைத் தீர்க்கும்போதே அடுத்தவன் பிள்ளையின் பங்கில் கை வைக்காமல் இருக்க வேண்டும். பசித்த தன் பிள்ளை ஒரு பக்கமும், அயலான் நம்பி விட்ட பொருள் மறு பக்கமும் இருக்கையில் முள்ளை நேரே நிறுத்துவது இயல்பாக வருவதல்ல. அது பழகிப் பழகி வரவேண்டிய அறம்.

கடன் என்னும் சொல்

இரண்டாவது தடை இன்னும் கடினமானது. மலையகத்தில் கடன் என்பது வெறும் கொடுக்கல் வாங்கல் அன்று, அதற்கொரு வரலாறு உண்டு. கங்காணி முறையில் ஆள் சேர்த்த காலத்தில் கப்பல் செலவு தொடங்கி அரிசிச் செலவு வரை எல்லாம் தொழிலாளியின் பெயரில் கடனாக ஏறியது. அவருடைய கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் அவரை விடுவிக்கலாம் என்று எழுதிய சீட்டுக்குத் "துண்டு" என்று பெயர். அந்தத் துண்டோடு மனிதர்கள் தோட்டம் விட்டுத் தோட்டம் மாறினர். 1921ஆம் ஆண்டில் சட்டத்தின் மூலம் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. ஆனாலும் கடன் ஒழியவில்லை. மாதம் ஒருமுறை சம்பளம் வாங்கும் குடும்பத்துக்கு மாத நடுவில் மா வேண்டும், மருந்து வேண்டும். அதனால் கடைக்காரரின் கொப்பி நிரம்பியது.

அந்தக் கொப்பியைப் பற்றி உண்மையைச் சொல்ல வேண்டும். வாங்காத சாமானை எழுதியவர்களும் உண்டு. கடனுக்கு ஒரு விலை, கைக்காசுக்கு ஒரு விலை என்று விற்றவர்களும் உண்டு. வேறு கடைக்குப் போக முடியாதபடி கடனாலே கட்டிப் போட்டவர்களும் உண்டு. கடைக்காரர் எல்லோரும் தருமவான்கள் என்று எழுதினால் அது நினைவுமலர் ஆகாது, முகத்துதியாகும்.

இன்னொரு வகையினரும் இருந்தனர். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தாய் அந்தியில் வந்து நிற்கிறார். பிள்ளைக்குக் காய்ச்சல். சம்பளத்துக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. மாவும் சீனியும் வாங்கிக்கொண்டு, "எழுதிக்குங்க மொதலாளி" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். என்ன எழுதினார் என்று அவர் பார்க்கப் போவதில்லை, பார்த்தாலும் அவருக்குத் தெரியாது. கடையில் வேறு ஆளும் இல்லை. பேனா கடைக்காரரின் கையில். அந்த நேரத்தில் இரண்டு றாத்தலை இரண்டு றாத்தலாகவே எழுதியவரின் வாழ்வு வழிபாடா என்று கேட்க வேண்டியதில்லை. கருவறையின் முன் கண்மூடி நிற்பவரைப் பலர் பார்க்கின்றனர். இந்த வழிபாட்டைப் பார்த்தவர் எவருமிலர்.

அரசின் அளவீட்டுத் திணைக்களம் கடைத் தராசைச் சோதித்து முத்திரை இடுகிறது. அது தராசுக்கு இடும் முத்திரை. தராசைப் பிடிக்கும் கைக்கும் கணக்கெழுதும் பேனாவுக்கும் முத்திரை இட ஒரு திணைக்களமும் இல்லை. திருக்குறளில் வணிகத்துக்கென்று தனி அதிகாரம் கிடையாது. வணிகரின் நெறி நடுவுநிலைமை அதிகாரத்திலேயே பேசப்படுகிறது. தராசுக்கோலின் உவமையும் அதே அதிகாரத்தில் வருகிறது. வணிகமும் நீதியும் ஒரே இடத்தில் வைத்துப் பேசப்படுவதற்குக் காரணம் இதுவாகலாம்.

தமிழிலே கடன் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். திருப்பிக் கொடுக்க வேண்டியதும் கடன், செய்ய வேண்டிய கடமையும் கடன். தேவர் கடன், முனிவர் கடன், பிதிர்க் கடன் என்று மூன்று கடன்களோடு மனிதன் பிறக்கிறான் என்பர் பெரியோர். கொப்பியில் பிறருடைய கடனை எழுதும்போதே தன் கடன் எது என்று அறிந்தவர் எவரோ, அவருடைய இலாபம் பாவமாவதில்லை. அது அவருடைய உழைப்புக்கான கூலி.

கொப்பி எரிந்த பின்

கொடுத்தவரின் அறம் பாதிதான். வாங்கியவரின் அறம் மறு பாதி. மலையகத்தின் வரலாறு இந்த மறு பாதியையும் பலமுறை சோதித்தது.

1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்குவதென்றும் அது வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொள்ள 1974இல் உடன்பாடு ஏற்பட்டது. அதன் பின் லயங்கள் பாதி பாதியாகக் காலியாயின. பெட்டி கட்டித் தலைமன்னாருக்குப் புறப்படும் குடும்பத்திடம், இனி ஒருபோதும் திரும்பி வராத குடும்பத்திடம், பழைய பாக்கியைக் கேட்பதா விடுவதா? கேட்டால் கல்நெஞ்சு. விட்டால் தன் பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவு போகும். போகிறவருக்கும் அதே சோதனை. கொடுத்துவிட்டுப் போனால் அக்கரையில் இறங்கும்போது மடியில் ஒன்றும் இராது.

1983 ஜூலை 27ஆம் திகதி பதுளை நகரின் கடைத்தெரு எரிந்தது. வன்முறை பண்டாரவளை, ஹாலிஎல, வெலிமடை, லுணுகலை என்று பரவியது. ஒரு தலைமுறையின் உழைப்பு சில மணி நேரத்தில் சாம்பலானது. அயலில் இருந்த சிங்களச் சகோதரர்கள் உயிரைப் பணயம் வைத்துப் பலரைக் காத்ததையும் மறக்கலாகாது. அன்று எரிந்தவை சாக்கும் பெட்டியும் மட்டுமல்ல, கணக்குக் கொப்பிகளும்தாம். இங்கே எழும் கேள்வி மிகப் பழையது. கொப்பி எரிந்தால் கடன் எரிந்துவிடுமா? சட்டம் சாட்சி கேட்கும். மனச்சாட்சி கேட்காது. வாங்கியவருக்குத் தாம் வாங்கியது தெரியும். கடைக்காரர் அறத்தோடு எழுதியதற்கு ஈடு, எழுத்தே இல்லாதபோதும் திருப்பிக் கொடுப்பது. இவ்விரண்டும் சேர்ந்தால்தான் ஓர் ஊர் ஊராகும்.

சாம்பலான இடத்திலே மறுபடி நான்கு பலகை அடித்துக் கடை திறந்தவர்கள் இருக்கிறார்கள். வீரம் என்ற சொல்லை அவர்களுக்கு எவரும் சூட்டியதில்லை. பிள்ளைகள் சாப்பிட வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காகவே அவர்கள் திறந்தனர். அந்தக் காரணத்தைச் சிறியது என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை.

விலை ஏறிய நாட்கள்

பழைய காலத்தோடு இச்சோதனை முடிந்துவிடவில்லை. 2022இல் நாடு பொருளாதார நெருக்கடியில் வீழ்ந்தபோது, அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தை எட்டியது. மாவின் விலை நாளுக்கு நாள் மாறியது. நேற்றைய விலைக்கு வாங்கிய மாவை இன்றைய விலைக்கு விற்கலாமா என்ற கேள்வி ஒவ்வொரு சிறு கடைக்காரரின் முன்னும் நின்றது. பழைய விலைக்கு விற்றால் அடுத்த மூடை வாங்கக் காசிராது, கடை மூடப்படும், ஊருக்கும் மா இல்லை. புதிய விலைக்கு விற்றால் உழைக்காமல் வந்த இலாபம் கையில் ஒட்டும்.

இதற்கு ஒரே வரியில் விடையில்லை. அடுத்த மூடையை வாங்கும் அளவுக்கு விலை வைப்பது குற்றமாகாது. ஆனால் நாளை இன்னும் ஏறும் என்று மூடையைப் பின்னறையில் மறைத்துவிட்டு "இல்லை" என்று சொல்வது பாவம். இருப்பதையெல்லாம் காசுள்ள ஒருவருக்கே கொடுத்துவிடாமல், தினமும் அரைக் கிலோ வாங்கும் வீட்டுக்கென்று கொஞ்சம் எடுத்து வைப்பது புண்ணியம். புண்ணியமும் பாவமும் இவ்வளவு அருகருகே, ஒரே மாச் சாக்கிலே இருக்கின்றன. அன்றாடம் இவற்றைப் பிரித்தறிந்து வாழ்ந்தவரைத் தத்துவம் அறியாதவர் என்று எப்படிச் சொல்வது?

மலைமேல் ஒரு பெயர்

ஹப்புத்தளைக்கு வருவோர் தம்பேதன்னைக்கு ஏறி "லிப்டன் சீட்" பார்க்காமல் திரும்புவதில்லை. 1890இல் இலங்கைக்கு வந்து இங்கே தோட்டங்களை வாங்கிய தோமஸ் லிப்டன் உலகறிந்த வணிகர். அவர் வணிகம் பழகிய இடம் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் அவருடைய தாய் தந்தையர் நடத்திய ஒரு சிறு பலசரக்குக் கடை. அயர்லாந்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள் அவர்கள். லிப்டன் தம் சொந்தக் கடையைத் திறந்தது 1871இல். திருமணம் செய்யாமலே வாழ்ந்து 1931இல் காலமானார். அவரது செல்வத்தின் பெரும்பகுதி கிளாஸ்கோ நகரத்துக்குச் சென்றது.

மகனின் பெயர் மலையுச்சியில் இருக்கிறது. முட்டையும் வெண்ணெயும் விற்று அவரை வளர்த்த பெற்றோரின் பெயரைக் கேட்பாரில்லை. அதுபோலவே, அம்மலையின் கொழுந்தைப் பறித்தவர்களின் பெயரும், அவர்களுக்கு மாதக் கடைசியில் மா கொடுத்தவர்களின் பெயரும் மலையில் இல்லை. பெயர் நிலைப்பது வேறு, வாழ்வு நிறைவது வேறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நினைவுகூரும் முறை

அப்படியானால் அத்தகைய ஒருவரை எவ்வாறு நினைவுகூர்வது? திதி கொடுப்பதும், மோட்ச விளக்கு ஏற்றுவதும், அவர் பெயரில் ஒருநாள் அன்னதானம் நடத்துவதும் முறைப்படி செய்ய வேண்டியவை. அவற்றோடு இன்னும் சில உண்டு.

உண்மையாக நினைக்க வேண்டும். உழைப்பாளியான தந்தையின் முதுகைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைகள் பலர். பள்ளிக்கூட விழாவுக்கு அவர் வந்ததில்லை. தீபாவளியன்றும் பாதி நாள் கடையில் இருந்தார். களைத்து வந்த இரவுகளில் கோபப்பட்டார். இவற்றை மறைக்க வேண்டியதில்லை. அன்பைச் சொல்லிக் காட்டத் தெரியாமல், அரிசியாகவும் புத்தகமாகவும் சீருடையாகவும் கொண்டுவந்து வைத்தவர் அவர். குறையோடு நினைக்கப்படும் மனிதரே நிறைவாக நினைக்கப்படுகிறார்.

அவரோடு தட்டில் ஏறியவர்களையும் நினைக்க வேண்டும். அமர்நீதியாரின் பெயரை உலகம் அறியும், தட்டில் ஏறிய மனைவியின் பெயரை அறியாது. ஆனால் அவர் ஏறாமல் தட்டு சமமானதில்லை. கடைக்காரரின் மனைவியும் அவ்வாறே. அடுப்புக்கும் கல்லாவுக்கும் இடையில் ஓடி, கடன் கேட்டு வந்த பெண்ணின் முகத்தைப் பார்த்தே நிலைமையை அறிந்து கணவனிடம் கண்ணால் சொன்னவர் அவர். "உழைப்பாளி" என்று எழுதும் கல்லில் இருவருக்கும் இடம் வேண்டும்.

கடைசியாக, அவருடைய கடனைத் தீர்க்க வேண்டும். அவர் பிறருக்குக் கொடுக்க வேண்டியிருந்ததைப் பிள்ளைகள் கொடுக்க வேண்டும். அவருக்குப் பிறர் கொடுக்க வேண்டியிருந்ததை, கொப்பி இல்லாவிட்டாலும், கொண்டுவந்து கொடுக்க வேண்டும். அவர் விட்டுச் சென்ற தராசை எடுப்பவர், அது இன்று மின்தராசாக இருந்தாலும், முன்போலவே நேரே பிடிக்க வேண்டும். அதுவே அவருக்குச் செய்யும் பிதிர்க் கடன்.

ஆலயச் சுவரில் பெயர் இல்லாதவர்களும் இறைவன் சந்நிதியில் இருக்கிறார்கள். அந்தியில் வந்த ஒரு தாயின் கணக்கைச் சரியாக எழுதி, கொப்பியை மூடி, விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தவரை அறிந்தவன் அவன் ஒருவனே. அத்தகையோரின் உழைப்பால் வளர்ந்த குடும்பங்கள் நேர்மையோடு தழைக்கவும், அவர்களின் ஆத்மா இறைவனடியில் சாந்தி பெறவும் எல்லாம் வல்ல இறைவன் திருவருள் பாலிப்பானாக.